நீண்ட ஓய்வுப் பிரிவு

அந்த நாற்காலி வேண்டாம் ஐயா, அதன் பின்கால் ஆடும். இதில் உட்காருங்கள், காற்றும் நேரே வரும். மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்தவர்களுக்கு எங்கள் துவாக்குடி வெயில் முதல் நாள் தலையைப் பிளக்கும். மோர் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பியூன் மெதுவாக வருவான், ஆனால் வந்துவிடுவான்.

மருதை விஷயமாக வந்திருக்கிறீர்கள். ஸ்டோர்ஸில் வேலை பார்த்த மருதையின் பெயர் ஷிப்ட் தாளிலிருந்து எப்படிப் போயிற்று, யார் எடுத்தார்கள், ஏன் திரும்பப் போடவில்லை. இவ்வளவுதானே கேட்கப் போகிறீர்கள்? எடுத்தவன் நான்தான். பெயர் தாயுமானவன், வீடு மலைக்கோட்டை நந்திகோயில் தெரு. இதைச் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஆனால் நடந்ததை நடந்த வரிசையில் சொல்ல விடுங்கள். பாதியைக் கேட்டுவிட்டு மீதியைத் தாங்களே இட்டுக்கட்டிக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. என் பிழைப்பே அவர்களோடு மல்லுக்கட்டுவதாகப் போய்விட்டது.

அறுபத்து மூன்றில் இந்தத் தொழிற்சாலைக்கு ஓட்டை அட்டை மெஷின் வந்தது. ஆளுக்கு ஓர் அட்டை. அதில் துளை போட்டு உள்ளே தள்ளினால், இன்றைக்கு யார் யார் எந்த ஷிப்டுக்கு வர வேண்டும் என்று மெஷின் தாளில் அடித்துக் கொடுத்துவிடும். சம்பளமெல்லாம் பழையபடி கையால்தான், ஆள் கணக்கு மட்டும் மெஷினுக்கு. ஆனால் மெஷினுக்குத் தானாக ஒன்றும் தெரியாது பாருங்கள். இன்னது செய், இன்னது செய்யாதே என்று எல்லாவற்றையும் முதலில் எழுதியாக வேண்டும். எழுதியதைத் துறைத் தலைவர்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், மெஷின்காரர்கள் அதன்படி உள்ளே வயரை மாட்டுவார்கள். ஒவ்வொரு துறையாகப் போய் என்ன தேவை என்று கேட்டு எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது.

நம் ஊரில் ஒருவரிடம் போய் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பெயின்ட் ஷாப்பில் கேட்டேன். "நீங்க பாத்துப் பண்ணுங்க சார்" என்றார்கள். வார்ப்படப் பட்டறையில் கேட்டேன். "எல்லாருக்கும் என்ன பண்றீங்களோ அதையே எங்களுக்கும் பண்ணிடுங்க" என்றார்கள். கேன்டீன் மேனேஜர் டீ கொடுத்து, "உங்களுக்குத் தெரியாததா?" என்று சிரித்தார். சரி என்று நானே பார்த்துப் பண்ணிக்கொண்டு போய்க் காட்டினால், அத்தனை பேரும் ஒரே குரலில், "இதையா கேட்டோம்?" என்கிறார்கள். அட பாவிகளா, நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லையே.

பிறகு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வேண்டுமென்றே தப்பாகச் சொல்வது. "ராத்திரி ஷிப்டுக்குக் கேன்டீன்ல சோறு கிடையாதுன்னு எழுதிக்கிறேன்" என்பேன். மனிதர் பொங்கிக்கொண்டு எழுந்து, தனக்கு வேண்டியதையெல்லாம் மூச்சுவிடாமல் கொட்டிவிடுவார். நான் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொள்வேன். இப்படியே ஒவ்வொருவராகக் கோபப்படுத்தி முழுத் தொழிற்சாலையின் தேவையையும் எழுதி முடித்தேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

எல்லாம் முடிந்தபோது ஒன்று மட்டும் பாக்கி நின்றது. ஒருவர் பெயர் தாளிலிருந்து எப்படிப் போகும்? வயதாகி ஓய்வு பெற்றால் போகும், ராஜினாமா செய்தால் போகும், வேறு ஊருக்கு மாற்றினால் போகும். செத்துப்போனால்? அதைக் கையெழுத்துக் கூட்டத்தில் கேட்டேன்.

எங்கள் துறைத் தலைவர் சடகோபன் ஸ்ரீரங்கத்துக்காரர், சித்திரை வீதி. அன்றைக்கு நாள் பார்த்து, நேரம் பார்த்து, காகிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வைத்திருந்தார். நான் கேட்டதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"என்ன ஓய் இது? மஞ்சள் தடவின காகிதத்துல அந்த வார்த்தையை எழுதலாமோ? புது மெஷின் ஆத்துக்குள்ள வரச்சயே அமங்கலமா? பெருமாள் கிருபையில இங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது."

ஆள் எடுக்கும் பிரிவுத் தலைவர் சவரிநாதன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "அதெல்லாம் எதுக்கு சார் இப்ப? வர்றப்ப பாத்துக்கலாம்" என்றார். ஸ்டோர்ஸ் தலைவர் சேக் மைதீன், "நல்ல காரியம் பேசுறப்ப வேணாமே சார்" என்றார். மற்ற எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒரே கட்சியாக நின்றார்கள். டிஸ்பென்சரி டாக்டரைப் பார்த்தேன். அவரும் வேண்டாம் என்று தலையாட்டினார். டாக்டரே வேண்டாம் என்ற பிறகு நான் என்ன செய்ய? அந்த வரியை அடித்துவிட்டேன்.

அதே கூட்டத்தில் இன்னொரு விதியும் ஏற்பட்டது. மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு எந்த வரியை மாற்ற வேண்டுமானாலும், துறைத் தலைவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து உட்கார வேண்டும். மாற்றச் சொல்கிறவர் காரணத்தை எல்லார் முன்னாலும் உரக்கச் சொல்ல வேண்டும். பிறகுதான் கையெழுத்து. யாரும் ரகசியமாகக் கைவைக்கக் கூடாது என்று சடகோபன் கொண்டுவந்தது. நல்ல விதிதான், நானும் ஆமோதித்தேன்.

மெஷின் ஓடத் தொடங்கியது. ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றி உடைத்தோம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போவார்கள். மெஷின் அடித்த தாள் தினமும் மூன்று இடத்துக்குப் போகும், கேட்டுக்கு, கேன்டீனுக்கு, டிஸ்பென்சரிக்கு. தாளில் பெயர் இல்லாதவரை வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார், கேன்டீனில் சோறு கிடையாது, டிஸ்பென்சரியில் மருந்து கிடையாது. அந்தந்தத் துறைகள் கேட்டு வாங்கிய விதி அது. என் கைச்சரக்கு இல்லை.

அடுத்த வருஷம் லேத் ஓட்டுகிற ரசூல் மாரடைப்பில் போய்விட்டார். நல்ல மனிதர். மெஷின் தன் பாட்டுக்கு முதல் ஷிப்டில் அவர் பெயரை அடித்துக்கொண்டே இருந்தது. அவர் வராததைப் பார்த்து, வேலைக்கு வராத காரணத்தை உடனே விளக்க வேண்டும் என்று ஒரு மெமோவும் அடித்தது. அனுப்புகிற பையன்கள் அதை வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். ரசூலின் அண்ணன் ஜெகபர் அலி அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி மவுத்தாகி மூணு வாரமாச்சுங்க. அவன் சம்சாரம் கமருன்னிசா வாசப்படி தாண்டாம துக்கம் காத்து இத்தாவுல உக்காந்திருக்கு. அது கையில இதைக் கொண்டுபோய்க் குடுத்திருக்காங்க. ஏன் வேலைக்கு வரலைன்னு கேட்டிருக்கீங்க. நாங்க என்ன பதில் சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க சார்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதையும் நீங்கள் எழுதிக்கொண்டால் நல்லது.

அன்றைக்கே யோசித்தேன். சாவு என்ற வரியைச் சேர்க்க வேண்டுமென்றால் கூட்டம் போட வேண்டும், காரணத்தை உரக்கச் சொல்ல வேண்டும், சடகோபன் காதைப் பொத்திக்கொள்வார். அந்தக் கூத்தெல்லாம் வேண்டாம். ஆனால் புதிதாக ஒரு பிரிவைத் தொடங்குவதற்குக் கூட்டம் தேவையில்லை, துறைத் தலைவர் கையெழுத்துப் போதும். ஆகவே ஒரு பிரிவு தொடங்கினேன். அதில் ஷிப்ட் கிடையாது, அதனால் பெயர் தாளில் வராது, மெமோவும் வராது. நீண்ட ஓய்வுப் பிரிவு என்று பெயர் வைத்தேன்.

"பேர் மங்கலமா இருக்கு ஓய்" என்றார் சடகோபன். "எதுக்குன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லாதீர். கையெழுத்து எங்க போடணும், அதைக் காட்டும்."

ஒரு பிரிவு என்றால் அதற்கென்று விதிகள் வேண்டும். இந்தப் பிரிவுக்கு வந்தவர் வேறு பிரிவுக்குத் திரும்பிப் போக முடியாது என்று எழுதினேன். நியாயம்தானே? மெஷினில் யாராவது கை தவறி ரசூலை மறுபடி லேத்துக்கு அனுப்பிவிட்டால், கமருன்னிசாவுக்கு இன்னொரு மெமோ போகும். அதைத் தடுக்கத்தான் எழுதினேன். ஒரே டோக்கன் நம்பருக்கு இரண்டு அட்டை வந்தால் இரண்டையும் தள்ளிவிடு என்று முன்பே எழுதியிருந்தேன். ஆக எந்த ஓட்டையும் இல்லாத ஒரு பிரிவு. மெஷின்காரர்களே வயரை மாட்டிவிட்டு என்னைப் பாராட்டினார்கள்.

இன்னொன்று. பிரிவு என்றால் தலைவர் ஒருவர் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் அட்டையைத் துப்பிவிடும். சவரிநாதன் கேட்டு வாங்கிய விதி. வேறு யார் பெயரைப் போடுவது? என் பெயரைப் போட்டேன். இப்படித்தான் ஐயா நான் ஒரு பிரிவுக்குத் தலைவன் ஆனேன். லீவு கேட்காத, கோஷம் போடாத, தீபாவளிக்கு முன்பணம் கேட்காத ஆட்கள். அப்படிப்பட்ட பிரிவு இந்தியாவிலேயே எனக்கு மட்டும்தான் இருந்திருக்கும்.

பெரிய தொழிற்சாலை, வயதானவர்கள் நிறைய. ஒருவர் காவிரியில் குளிக்கப் போய் வரவில்லை. ஒருவருக்குக் காமாலை. ஒவ்வொருவராக என் பிரிவுக்கு வந்தார்கள். ஒரு நாள் அரையாண்டுத் தாளைப் புரட்டும்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. இருபத்தைந்து பேர் உள்ள பிரிவின் தலைவருக்குச் சூப்பரின்டென்டென்ட் பதவி, தனி அறை, ஃபேன், பியூன். அதுவும் சவரிநாதன் கேட்டதுதான். கோபப்படுத்தி எழுதி வாங்கியவன் நான். அரையாண்டுக்கு ஒரு முறை மெஷின் தானாகத் தலைகளை எண்ணி, யாருக்கு எந்தப் பதவி என்று அடித்துக் கொடுக்கும். ஜெனரல் மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். மெஷின் சொன்னால் பிறகு பேச்சு ஏது?

அப்போது என் மேசை எங்கே இருந்தது தெரியுமா? நடைபாதையில், கழிப்பறைக் கதவுக்கு எதிரே. போகிறவர்களும் வருகிறவர்களும் என்னிடம்தான் உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்பார்கள். என் மைத்துனர் பொன்மலையில் சூப்பரின்டென்டென்ட். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஒரு பியூன் வருவான். என் மனைவி பூரணி அந்தப் பியூனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள். ஆனால் ஐயா, பதவிக்காக நான் எதையும் செய்யவில்லை. விதிப்படி நடக்க வேண்டியது நடக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

அதற்குப் பிறகு யாருக்காவது உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டால் நான் போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். கையில் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போவேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டாக்டர் என்ன சொல்கிறார் என்று விசாரிப்பேன். இதில் என்ன தப்பு? ஆனால் ஆட்கள் பொல்லாதவர்கள். கொஞ்ச நாளில், "தாயுமானவன் சாரு சாத்துக்குடியோட வர்றாரு" என்றால் நோயாளி எழுந்து நடமாட ஆரம்பித்துவிடுவார் என்று ஆகிவிட்டது. பிச்சைமுத்து என்று ஒரு வெல்டர், எல்லாரும் கைவிட்டாயிற்று, நானும் மூன்று முறை பழம் கொண்டுபோனேன். பிழைத்து வந்து வேலையில் சேர்ந்துவிட்டார். சந்தோஷமான செய்திதான். அரையாண்டுத் தாள் அடிக்கிற நாளுக்கு எனக்கு ஒரு ஆள் குறைந்தது.

மருதைக்கும் எனக்கும் எந்தப் பகையும் கிடையாது. ஸ்டோர்ஸில் நட்டு போல்ட் எடுத்துக் கொடுக்கிறவர். இளைப்பு உண்டு, டிஸ்பென்சரியில் வாராவாரம் ஊசி போட்டுக்கொள்வார். ஊசி தப்பினால் மூச்சு வாங்கும், இது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் மகளுக்குப் பிரசவம் என்று லீவு போட்டுவிட்டு லால்குடிக்குப் போயிருந்தார். லீவில் இருக்கிறவர் தாளில் இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. தாள் அடிக்கிற வரைக்கும் அவரை என் பிரிவில் கொஞ்சம் வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டில் குடை இரவல் வாங்குவதில்லையா?

அட்டையில் துளை போடுகிற வஹீதா என்னைப் பார்த்தார். மரக்கடைப் பக்கத்துப் பெண், படு கெட்டி. இரண்டு வருஷமாக அந்தப் பிரிவுக்கு அட்டை போட்டவர், அது யாருக்கான பிரிவு என்று அவருக்குத் தெரியும்.

"சார், மருதை அண்ணன் நல்லாத்தானே இருக்காரு? போன வாரம்கூட என்னைய விசாரிச்சாரே."

"ரெண்டு நாளைக்குத்தாம்மா. ஒரு கணக்குக்கு."

"பாவமுங்க சார் இது."

"நீ துளையைப் போடும்மா. பாவம் புண்ணியமெல்லாம் என் கணக்கு."

துளை போட்டார். உங்களுக்கு விஷயத்தைச் சொன்னதும் அவர்தான் என்று தெரியும், அதில் எனக்கு வருத்தமில்லை. மெஷின் தலைகளை எண்ணியது, ஜெனரல் மேனேஜர் கையெழுத்துப் போட்டார். இந்த அறை வந்தது, இந்த ஃபேன் வந்தது. பியூனிடம் டிபன் கேரியரைக் கொடுத்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினேன். பூரணி அவனுக்கு மோரே கொடுத்தாளாம்.

மறுநாள் மருதையைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று அட்டையை மாற்றி உள்ளே தள்ளினேன். மெஷின் வெளியே தள்ளியது. மறுபடி தள்ளினேன், மறுபடி துப்பியது. அப்புறம்தான் நினைவுக்கு வந்தது, இந்தப் பிரிவுக்கு வந்தவர் திரும்பிப் போக முடியாது. புது அட்டை போட்டேன். ஒரு நம்பருக்கு இரண்டு அட்டை என்று இரண்டையும் தள்ளியது. உள்ளபடி சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குப் பயத்தைவிடப் பெருமைதான் அதிகம். நான் எழுதியது அவ்வளவு சுத்தமாக வேலை செய்தது.

மருதை லீவு முடிந்து வந்தார். வாட்ச்மேன் தாளைப் பார்த்துவிட்டு வேலைக்கு விடவில்லை, என்னைப் பார்ப்பதற்கு மட்டும் சீட்டுக் கொடுத்து அனுப்பினார். நேரே இந்த அறைக்கு வந்தார். கையில் காகிதப் பொட்டலத்தில் கற்கண்டு.

"பேத்தி பொறந்திருக்குங்க சார், எடுத்துக்குங்க. கேட்ல விடமாட்டேங்கிறாங்க. தாள்ல பேரு இல்லையாம். கேட்லேர்ந்து ஸ்டோர்ஸுக்குப் போன் போட்டுக் கேட்டா உங்களைப் பாக்கச் சொல்றாங்க. என்னை வேற பிரிவுக்குப் போட்டிருக்காங்களா?"

"ஆமாம். நீண்ட ஓய்வுப் பிரிவு."

"அப்படி ஒரு பிரிவு இருக்கா? யாருங்க தலைவரு?"

"நான்தான்."

"அப்ப நல்லதாப் போச்சு. வேத்தாளுகிட்ட மாட்டாம உங்ககிட்ட வந்தேன்" என்று மனிதர் சிரித்தார். "என்கூட வேற யாரு சார் இருக்காங்க?"

பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. "லேத் ரசூல் இருக்காரு" என்றேன்.

"என்ன சார் நீங்க, ரசூல் பாய் போயி ரெண்டு வருஷம் ஆவுதே" என்று இன்னும் பெரிதாகச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கற்கண்டை மேசையில் வைத்துவிட்டு, "சார், நான் உசிரோடதான் இருக்கேன்" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"தெரியும் மருதை. பாத்துப் பண்றேன்" என்றேன்.

பார்த்தேன், இல்லையென்று சொல்ல முடியாது. ஒரே ஒரு வழிதான் இருந்தது. கூட்டம் கூட்டி, விதியை மாற்றச் சொல்லி, காரணத்தை உரக்கச் சொல்ல வேண்டும். உயிரோடு இருக்கிற ஆளைச் செத்தவர்களோடு சேர்த்தேன், இந்த அறைக்காக என்று என் வாயால் சொல்ல வேண்டும். கால் மணி நேர வேலை. சொல்லியிருந்தால் அன்றைக்கு மத்தியானமே மருதை ஸ்டோர்ஸில் இருந்திருப்பார். நான் நடைபாதைக்குப் போயிருப்பேன். நல்ல நாள் பார்த்துக் கூட்டம் போடலாம் என்று தள்ளிவைத்தேன். அது ஆடி மாதம். ஆடியில் யார் நல்ல காரியம் தொடங்குவார்கள்? பிறகு ஆவணி வந்தது, சடகோபன் ஊரில் இல்லை. புரட்டாசியில் அவருக்குச் சனிக்கிழமை விரதம், அவரை நச்சரிக்க மனம் வரவில்லை.

மருதை சும்மா இருக்கவில்லை. சவரிநாதனிடம் போனார். "மெஷின் சொல்றதை நான் எப்படி மீற முடியும்? தாயுமானவன் சாரைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். சடகோபனிடம் போனார். பிரிவின் பெயரைச் சொன்னதுமே அவர் காதைப் பொத்திக்கொண்டாராம். யூனியனுக்குப் போனார். யூனியனும் மெஷின் தாளை வைத்துத்தான் சந்தா வாங்குகிறது, தாளில் இல்லாதவர் உறுப்பினர் இல்லை என்றார்கள். எல்லாரும் அவரை என்னிடமே திருப்பி அனுப்பினார்கள். நான் எழுதியதை அவ்வளவு பேர் அவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றுவதைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் அவர் தினமும் காக்கி உடுப்பு போட்டுக்கொண்டு வந்து கேட்டுக்கு எதிரே பூவரச மரத்தடியில் உட்கார ஆரம்பித்தார். நான் பஸ்ஸை விட்டு இறங்கினால் எழுந்து நின்று கும்பிடுவார். "இன்னைக்கு ஆகுமா சார்?" என்பார். ஒரு நாளும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும், கோபத்தில் ஏதாவது செய்திருப்பேன். கோபப்பட்டால்தான் இந்த ஊரில் எதுவும் நடக்கும் என்று அவருக்குத் தெரியாமல் போயிற்று.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஊசி இல்லாமல் அவருக்கு இளைப்பு முற்றிவிட்டது. கடைசி கடைசியாக ஒரு நாள் காலையில், அவர் சம்சாரம் கையைப் பிடித்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். டாக்டர் வர நேரமாகும். கம்பவுண்டர் தாளைப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தார். இந்த போன்தான். இதை நீங்கள் என்னிடம் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

"சார், மருதை வந்திருக்காரு. மூச்சு விட முடியல. தாள்ல பேரு இல்ல. ஒரு ஊசி போட்டு விட்டுடட்டுமா சார்?"

போனில் பின்னால் அவர் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. போடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஊசி கணக்கில் ஒன்று கூடும், தாளில் இல்லாதவருக்கு எப்படிப் போட்டாய் என்று டாக்டர் கேட்பார், கூட்டம் கூடும், காரணத்தை உரக்கச் சொல்லச் சொல்வார்கள். இதையெல்லாம் நினைத்துப் பார்க்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஊசி போடாதே என்று நான் சொல்லவில்லை ஐயா. "எழுதியிருக்கிறபடி செய்யுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், வைத்துவிட்டேன்.

பெரியாஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கொண்டுபோனார்கள். அரியமங்கலம் தாண்டவில்லை.

மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன், பாடைக்குப் பின்னால் சுடுகாடு வரை நடந்தேன், அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனால் மறுநாள் காலையில் இந்த அறைக்கு வந்து உட்கார்ந்தபோது மனம் லேசாக இருந்தது. நாலு மாதமாக அந்த ஒரு பெயர் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது விதியை மாற்ற வேண்டியதில்லை, கூட்டம் வேண்டியதில்லை, யாரும் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதில்லை.

எல்லாம் எழுதிக்கொண்டீர்களா? கொஞ்சம் காட்டுங்கள். இதோ இந்த இடத்தில், மருதையைத் தவறான பிரிவில் வைத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் திருத்திவிடுங்கள் ஐயா. என் பிரிவில் இன்றைக்குத் தவறான ஆள் ஒருவர்கூட இல்லை.